கிராமத்துப் பப்பில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக் கிராமத்துப் பப்பில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 மணிக்குத் தொடங்கி இரண்டு, இரண்டரைக்குள் முடிந்துவிடும். அதோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி மாலை ஆறு மணிக்குத்தான். இடையில் போனால் கதவு திறந்திருக்கும், உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பீர் கிடைக்கும், காபி கூடக் கிடைக்கலாம். சாப்பாடு மட்டும் கிடைக்காது. பர்மிங்ஹாமிலிருந்து சாவகாசமாகக் கிளம்பி, வழியில் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, மூன்று மணிக்குப் பசியோடு வந்து இறங்கும் நம்மூர்க் குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். "கதவு திறந்துதானே இருக்கு, சூடா ஏதாவது போட்டுத் தரக் கூடாதா?" என்று கோபம் வரும். தர முடியாது. சமைப்பவர் ஒரே ஆள். அவர் கிளம்பிப் போயிருப்பார், அல்லது மாடியில் கண்ணயர்ந்திருப்பார்.

பப்பை ஓட்டல் என்று நினைத்துப் போனால் இந்த மாதிரி எல்லாமே குறையாகத்தான் தெரியும். அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் தானாக விளங்கிவிடும். போகும் முன் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குப் போக வேண்டும், என்ன சமைத்திருக்கிறார்களோ அதைத்தான் சாப்பிட வேண்டும். பல பழைய பப்கள் உண்மையிலேயே வீடுகளாக இருந்தவைதான். 1830-ல் வந்த சட்டம் ஒன்று, வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் 2 கினி (அந்தக் காலத்துப் பண அளவு) கட்டணம் செலுத்தி உரிமம் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று வழிவிட்டது. ஜின் குடித்து ஊர் கெட்டுப்போகிறது, அதற்குப் பீர் பரவாயில்லை என்பது அன்றைய அரசின் கணக்கு. முன்னறையில் நாலு பெஞ்சைப் போட்டார்கள், பின்னால் பீப்பாயை வைத்தார்கள், பப் ஆகிவிட்டது. இன்றைக்கும் பப்காரர் குடும்பம் மாடியில் குடியிருப்பது சகஜம்.

நான் அடிக்கடி போகும் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. வூஸ்டர்ஷயரில் ஈவ்ஷம் ஊருக்குக் கிழக்கே பிரெட்ஃபர்டன் என்று ஒரு கிராமம். அங்குள்ள 'ஃப்ளீஸ் இன்' முதலில் ஒரு பண்ணை வீடு. 15-ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த நீள வீடாகக் கட்டியது. 1848-ல்தான் பீர் விற்கும் உரிமம் வந்தது. அப்புறமும் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, கடைசியாக லோலா டாப்ளின் என்ற அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. பிள்ளை குட்டி இல்லாத அவர் 1977-ல் காலமானபோது, பப்பை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார். இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் இங்கே விற்கவே கூடாது என்றும் சொல்லிவைத்துப் போனதாகச் சொல்வார்கள். தரையெல்லாம் துகள் சிந்தும், கூட்டிப் பெருக்குவது யார் என்று நினைத்திருப்பார் போல. வீட்டைப் பெருக்குகிறவர் யோசனை அப்படித்தான் போகும்.

உள்ளே நுழையும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். மரத்தூலங்கள் தாழ்வாக இருக்கும். கல் பாவிய தரை, பெரிய கணப்பு, அதன் முன்னால் தரையில் வெள்ளையாக வட்டங்கள். சூனியக்காரி புகைபோக்கி வழியாக இறங்கி வராமல் தடுக்கப் போட்ட வட்டங்களாம். நாம் வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுகிறோம், இவர்கள் புகைபோக்கியடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஓக் மர அலமாரி நிறைய வெள்ளீயப் பாத்திரங்கள், மங்கிய வெள்ளி நிறத்தில். 1651-ல் வூஸ்டர் போருக்குப் போகும் வழியில், மன்னர் தரப்பை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல்லின் படையினர் விட்டுப்போனது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, பாத்திரங்கள் அருமையானவை. 2004-ல் கூரையில் தீப்பிடித்தபோது அவற்றைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். பப் பழுது பார்க்கப்பட்டு அடுத்த ஆண்டு திறந்தது.

கட்டடத்தின் வயதை வைத்துச் சாப்பாட்டுக்கும் அதே வயது என்று நினைத்துவிடக் கூடாது. இதைச் சொன்னால் என் ஆங்கிலேய நண்பர்களே லேசாகச் சிணுங்குவார்கள். கிராமத்துப் பப்களில் நெடுங்காலம் சாப்பிட என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய வெங்காயம், ஊறவைத்த முட்டை, அவ்வளவுதான். கணப்பருகே வெயிலில் காய்ந்த உழவன் உட்கார்ந்து தின்பது போன்ற பெயரோடு மெனுவில் இருக்கும் 'பிளவ்மன்ஸ் லஞ்ச்' (இதே ரொட்டி, பாலாடைக்கட்டித் தட்டுதான்) கூட அந்தப் பெயரோடு நாடு முழுக்கப் பரவியது 1950-களிலும் 60-களிலும்தான். பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்ட அந்தத் துறையினர் செய்த விளம்பரம் அது. பேரீச்சம்பழம் போட்டு, மேலே டாஃபி குழம்பு ஊற்றித் தரும் ஸ்டிக்கி டாஃபி புட்டிங் அதைவிட இளையது. வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருந்த ஷாரோ பே ஓட்டல்தான் அதைப் பிரபலமாக்கியது.

அப்புறம் எப்படிச் சாப்பாடு வந்தது? 1967-ல் ஓட்டுநரை ஊதச் சொல்லிச் சோதிக்கும் கருவி வந்தது. காரை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்து நாலு பைன்ட் பீர் குடித்துவிட்டுத் திரும்புவது அதோடு ஆபத்தாகிப்போனது. 2007 ஜூலையில் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது. குடியை மட்டும் நம்பினால் கிராமத்துப் பப்புக்குக் கட்டாது. அதிலும் கட்டடம் ஒரு பீர் நிறுவனத்துக்கோ சொத்து நிறுவனத்துக்கோ சொந்தமாக இருந்தால், நடத்துபவர் வாடகையும் கட்டி, பீரையும் அவர்களிடமே அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டிய ஒப்பந்தம் இருக்கலாம். கையில் மிஞ்சுவது சமையலறையில்தான். அதனால்தான் இன்று பப்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்து 'ரோஸ்ட்'டுக்கு, அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் காய்களும் சேர்ந்த சாப்பாட்டுக்கு, உயிரைக் கொடுக்கிறார்கள்.

'ஹோம்மேட்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பதெல்லாம் அங்கே செய்ததல்ல. பாக்கெட்டில் வந்த குழம்பைச் சூடாக்கி ஊற்றும் இடங்கள் ஏராளம். நான் பார்ப்பது முதலில் மெனுவின் நீளத்தை. நாலு பக்கத்துக்கு லசான்யா, ஃபஹீட்டா, தாய் கறி, பர்கர் என்று போனால், ஒரே ஆள் இருக்கும் சமையலறையில் அத்தனையும் உறைபெட்டியிலிருந்துதான் வரும். ஏழெட்டு வகை மட்டும் இருந்து, அதில் ஒன்றிரண்டைச் சாக்பீஸால் அடித்து வைத்திருந்தால் நல்ல அறிகுறி. தீர்ந்துபோகிறது என்றால் அங்கே சமைக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, பை. இறைச்சியை ஏல் பீரில் வேகவைத்துச் செய்யும் ஸ்டேக் அண்ட் ஏல் பை வருகிறது என்றால், கீழே, பக்கவாட்டில், மேலே என்று எல்லாப் பக்கமும் மாவு மூடியிருக்க வேண்டும். கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே உப்பிய பஃப் மாவை ஒரு தொப்பியாக வைத்துக் கொண்டுவந்தால், அது பை அல்ல, மூடி போட்ட குழம்பு. ஊர்க்காரர்களே இதை வைத்துச் சண்டை போடுவார்கள். நான் எல்லாப் பக்கமும் மாவு வேண்டும் என்கிற கட்சி.

கேட்கவும் செய்யலாம். "இதில் எது நீங்களே செய்தது?" என்று கவுன்டரில் நேராகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. செய்கிறவர்களுக்கு அதில் பெருமை. "பையும் சூப்பும் நாங்கள் செய்தது, மீன் இன்று காலை வந்தது, சீஸ்கேக் வெளியிலிருந்து" என்று ஒளிக்காமல் சொல்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஹாம், முட்டை, சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அதை யாராலும் கெடுக்க முடியாது.

கவுன்டர் என்றேன். மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தனியாகச் சாப்பாட்டு அறை இருக்கும் பப்களில் வந்து கேட்பார்கள், மற்ற இடங்களில் நாம்தான் போக வேண்டும். முதலில் மேசையைப் பிடியுங்கள். மரத்தில் சின்னப் பித்தளைத் தகட்டிலோ மரக்கரண்டியிலோ எண் எழுதியிருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு கவுன்டருக்குப் போங்கள். அங்கே வரிசை கிடையாது, ஆனால் வரிசை உண்டு. யார் யாருக்கு முன்னால் வந்தார் என்று நிற்கிறவர் எல்லோருக்கும் தெரியும். பப்காரர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தாலும், பக்கத்துக் கிழவர் முன்னால் வந்திருந்தால் "இவர்தான் முதலில்" என்று கையைக் காட்ட வேண்டும். அப்படி ஒருமுறை காட்டிவிட்டால் அந்தக் கிழவர் உங்களை மறக்க மாட்டார். பணத்தை நீட்டி ஆட்டுவது, "ஹலோ" என்று கூப்பிடுவது, சொடக்குப் போடுவது எல்லாம் ஆகாது. கண்ணைப் பார்த்தால் போதும்.

பானங்களை நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும், சாப்பாடு மேசைக்கு வரும். பல இடங்களில் முன்பணமாகவே வாங்கிவிடுவார்கள். கவுன்டரில் வாங்கியதற்கு டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால் "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வழக்கம், ஒரு பானத்தின் விலையைப் பில்லில் சேர்த்துக்கொள்வார். கிளம்பும்போது காலி கிளாஸ்களைக் கவுன்டரில் கொண்டுபோய் வையுங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் அடுத்த முறை முகம் தெரிந்த ஆளாகிவிடுவீர்கள்.

இனி சைவக்காரர்கள் விஷயம். இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம், காரணம் என் மாமனாரும் அத்தையும். திருநெல்வேலிச் சைவம். மாமா முட்டை வரைக்கும் சமரசம் செய்துகொள்வார், அத்தைக்கு அதுவும் கிடையாது. கோடையில் வந்து தங்கும்போது மாமாவுக்குக் கிராமங்களைப் பார்க்கக் கொள்ளை ஆசை. அத்தையின் கைப்பையில் நார்த்தங்காய் ஊறுகாய் எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கும். அதை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு பப்பில், காளான் போட்ட சைவ ரோஸ்ட் இருக்கிறது என்று உட்கார்ந்தோம். பரிமாறும் பெண்ணுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும். தட்டில் இருக்கும் வறுத்த உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங் என்ற உப்பிய மாவுப் பண்டமும் சைவம்தானே என்று கேட்டேன். "ஆமாம், அதில் இறைச்சி இல்லை" என்றாள். இறைச்சி இல்லைதான். "எந்தக் கொழுப்பில் செய்கிறீர்கள் என்று உள்ளே கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றேன். அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் சமையல்காரரே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார், நல்ல ஆகிருதி, முகமெல்லாம் அடுப்புச் சூடு. விரல்விட்டு எண்ணினார். யார்க்‌ஷயர் புட்டிங் மாட்டுக் கொழுப்பில். உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில். கிரேவி எலும்பு வேகவைத்த சாற்றில். சிப்ஸ் தாவர எண்ணெயில்தான், ஆனால் மீன் பொரிக்கும் அதே சட்டியில்.

மாமா என் காதருகே குனிந்தார். "என்ன மாப்ளே சொல்றாரு?"

"உருளைக்கிழங்காவது சாப்பிடலாம்னு நினைச்சோம் மாமா. உருளைக்கிழங்கும் முடியாதாம்."

"அப்ப தண்ணி நல்லாருக்குமா, கேளுங்க."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய், வேகவைத்த கேரட்டும் முட்டைக்கோஸும், சீஸ் வழிய ஒரு காலிஃபிளவரும், தோலோடு சுட்ட உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார். போகும்போது சொன்னதுதான் முக்கியம்: "சனிக்கிழமையே போன் செய்து சொல்லியிருந்தால் தனித் தட்டில் கடுகெண்ணெய் மாதிரி ரேப்சீட் எண்ணெயில் வறுத்து வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குச் சொன்னால் என் அடுப்பில் இடமில்லை." அன்றிலிருந்து எந்தப் பப்பானாலும் நான் முந்தின நாள் மாலை அழைத்துச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பப்களில் முடியாது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று உணவகங்கள் சொல்லியாக வேண்டும், அதற்கு ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். பால், முட்டை, கடுகு, மீன் எல்லாம் அதில் இருக்கும். மாட்டுக் கொழுப்பு ஒவ்வாமைப் பொருள் அல்ல, அதனால் கோப்பைப் பார்த்துச் சொல்கிறவருக்கு அது தெரியாமலே போகலாம். ஆவியில் வேகவைக்கும் புட்டிங்குகளிலும் சில பை மாவுகளிலும் சூயட் என்று மாட்டுக் கொழுப்புத் துருவல் சேரும். தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் உண்டு, எது என்று கேட்க வேண்டும். இறைச்சி சாப்பிட்டாலும் மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான், கோழி ரோஸ்ட் சொன்னாலும் பக்கத்தில் இருக்கும் உருளைக்கிழங்கு எதில் வறுபட்டது என்று தெரியாது. ஹலால் இறைச்சியைக் கிராமத்துப் பப்பில் எதிர்பார்க்க முடியாது.

வூஸ்டர் சாஸ் இன்னொன்று. லீ அண்ட் பெரின்ஸ் நிறுவனம் 1837 முதல் விற்கிறது. அதில் புளி இருக்கிறது என்று சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது. கூடவே நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீனும் இருக்கிறது என்றதும் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டார். ரொட்டிமேல் சீஸ் உருக்கித் தரும் பண்டத்தில் இதைச் சில துளி விடுவார்கள், பார்த்தால் தெரியாது. அதே 1837-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் முட்டையில்லாத கஸ்டர்ட் பொடி கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அத்தை அந்த மனிதருக்குக் கடன்பட்டவர். ஆப்பிள் கிரம்பிள்மேல் சுடச்சுட மஞ்சள் கஸ்டர்டை ஊற்றித் தரும்போது, அது பொடியில் செய்ததா, முட்டையில் செய்ததா என்று கேட்டுவிடுவோம். முட்டையில் செய்ததுதான் உயர்ந்தது என்று நினைக்கும் பப்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு "பொடிதான்" என்பார். அத்தைக்கு அதைக் கேட்டால்தான் நிம்மதி.

ஞாயிறு ரோஸ்ட்டை இறைச்சி சாப்பிடுகிறவர்கள் ஒருமுறையாவது நல்ல இடத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். மாடு, ஆடு, பன்றி, கோழி என்று எதுவாக இருந்தாலும் சிறப்பு என்னவோ அதன் துணைகளில்தான். உருளைக்கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, பாத்திரத்தோடு குலுக்குவார்கள். ஓரமெல்லாம் சொரசொரப்பாகிவிடும். அதைப் புகையும் கொழுப்பில் போட்டு அடுப்பில் வைத்தால் அந்தச் சொரசொரப்பு அத்தனையும் கண்ணாடித் துண்டாக மொறுமொறுக்கும், உள்ளே பஞ்சு. யார்க்‌ஷயர் புட்டிங் என்பது மைதா, முட்டை, பால் கரைத்த மாவுதான். கொதிக்கும் கொழுப்பில் ஊற்றியதும் குழியாக உப்பி எழும். பாதியில் அடுப்புக் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும் என்பதால் சமையலறையில் அந்த நேரம் யாரையும் அண்ட விட மாட்டார்கள். இறைச்சி விலை அதிகமாக இருந்த காலத்தில் இதை முதலில் கிரேவியோடு கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு, அப்புறம்தான் இறைச்சியைக் கண்ணில் காட்டுவார்களாம். இப்போது எல்லாம் ஒரே தட்டில்.

மாட்டிறைச்சி நடுவில் ரோஜா நிறத்தில்தான் வரும். பிடிக்காதவர்கள் ஓரத்துத் துண்டு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நன்றாக வெந்த பகுதியை வெட்டித் தருவார்கள். ஒரு மணிக்குச் சொன்னால் கிடைக்கும், இரண்டரைக்குச் சொன்னால் தீர்ந்திருக்கும். காரம் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு மருந்து மேசையிலேயே இருக்கிறது. ஆங்கிலக் கடுகுக் குழம்பும், ஹார்ஸ்ராடிஷ் என்ற கிழங்கின் துருவலும். நாக்கில் ஒன்றும் தெரியாது, நேரே மூக்குக்குப் போய் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிடும். பச்சை மிளகாய் தின்று பழகிய என் நண்பன் ஒரு கரண்டி கடுகை அசட்டையாக வாயில் போட்டுவிட்டு, அப்புறம் பேசவே இல்லை.

ரோஸ்ட் ஒரு ஆளுக்கு ஒரு தட்டு. ஒன்று வாங்கி மூன்று பேர் பகிர்ந்துகொள்வதைப் பப்காரர் தடுக்க மாட்டார், ஆனால் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மேசையை அதற்குக் கொடுப்பது அவருக்கு நஷ்டம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சின்னத் தட்டு தருவார்கள், கேளுங்கள். ஒரு வாரம் முன்னதாகவாவது மேசை சொல்லி வைக்க வேண்டும். இங்கே மார்ச் வாக்கில் வரும் அன்னையர் தினத்துக்கு இன்னும் முன்பே. திங்களும் செவ்வாயும் சமையலறைக்கு விடுமுறை விடும் பப்கள் ஏராளம். கூகுளில் நேரம் பழையதாக இருக்கும், போன் செய்வதே மேல்.

குடிக்காதவர்கள் சங்கடப்படத் தேவையே இல்லை. லைம் சோடா, இஞ்சி பீர், எல்டர்ஃப்ளவர் என்று பூவில் செய்த சர்பத் எல்லாம் இருக்கும். சைடரை மட்டும் ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள், இங்கிலாந்தில் அது மது. குடிக்கிறவர்கள் கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ஏலைக் கேளுங்கள். பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பீர் அது. பெரிய நிறுவனங்களின் வாயு அடைத்த பீர் அதை ஒழித்துவிடாமல் இருக்க 1971-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். வெதுவெதுப்பாக இருக்கும் என்று கேலி செய்வார்கள், அப்படியில்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரை வைத்திருப்பார்கள். பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேட்பது அவமானமில்லை, வாங்குவதற்கு முன் ஒரு வாய் ருசி பார்க்கவும் தருவார்கள். பம்பின் முகப்பு அட்டை திருப்பி வைத்திருந்தால் அந்தப் பீர் தீர்ந்தது. சைவக்காரர்கள் இதிலும் கேட்க வேண்டியது உண்டு. கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைப் பல காலமாகச் சேர்த்துவருகிறார்கள். மீன் அந்த 14-ல் ஒன்று என்றாலும் பீர் தெளியவைக்கும் இதற்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதால் எங்கும் எழுதியிருக்காது. சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன.

நாய்கள் உள்ளே வரும். அத்தைக்கு நாய் என்றால் பயம், அதனால் நாய் வராத அறை இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவேன். பல பப்களில் சாப்பாட்டு அறை அப்படித்தான். வயதானவர்களோடு போகிறவர்கள் கழிப்பறை எங்கே என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்களில் முற்றத்தைக் கடந்து போகவேண்டியிருக்கலாம், படி இருக்கலாம்.

பிரெட்ஃபர்டனுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முடிந்தால் ஆஸ்பரகஸ் காலத்தில் போங்கள். ஈவ்ஷம் பள்ளத்தாக்கு அதற்குப் பெயர்போன மண். வழக்கப்படி ஏப்ரல் 23 முதல் ஜூன் 21 வரைதான் பருவம். வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்த பச்சைத் தண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் அத்தையும் சாப்பிடக்கூடியது. மே மாதக் கடைசி வாரத்தில் ஃப்ளீஸ் இன்னில் ஆஸ்பரகஸ் கட்டுகளை ஏலம் விடுவார்கள். அன்றைக்குக் காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். லண்டன் பேடிங்டனிலிருந்து வூஸ்டர் போகும் ரயிலில் ஹனிபோர்னிலோ ஈவ்ஷமிலோ இறங்கி டாக்சி பிடிக்கலாம். திரும்புவதற்கான டாக்சியையும் இறங்கும்போதே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் கூப்பிட்டதும் வருவதில்லை.